புக்கரெஸ்ட் வேற, புடாபெஸ்ட் வேற அய்யா

ஆசிரியர் அய்யாவுக்கு, பணகுடியில இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல ரொமேனியாவ பத்தி முழுப்பக்கம் போட்டிருந்திய. டீக்கடையில வச்சு ஒருக்கா படிச்சேன், பொறவு கடைக்காரர்ட்ட சொல்லிட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து இன்னொருக்கா படிச்சேன், ஏன்னா நான் அந்த நாட்டுல மூணு வருசத்துக்கு மேல இருந்தவன், 2021 கடைசியில போயி 2025 ஆரம்பத்துல திரும்புனவன், கான்ஸ்டான்ட்சாவுல கப்பல் பட்டறையில வெல்டிங் சோலி. எழுதுனதுல முக்காவாசி சரிதான். ஆனா படத்துக்கு கீழ "ரொமேனியா தலைநகர் புடாபெஸ்ட்"னு போட்டுட்டிய. புடாபெஸ்ட் ஹங்கேரிக்கு. ரொமேனியாவுக்கு புக்கரெஸ்ட். எவனாவது நெல்லையப்பர் கோயில் படத்த போட்டு திருவனந்தபுரம்னு எழுதுனா நாம சும்மா இருப்பமா? அதுலயும் இது பங்காளி தகராறு உள்ள எடம். டிரான்சில்வேனியா 1918 வரைக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரி ராஜ்யத்துக்குள்ள கெடந்த பூமி, அது ரொமேனியாவோட சேந்த டிசம்பர் 1-தான் இன்னைக்கும் அவங்க தேசிய தினம். வரப்பு சண்டை இருக்குற ரெண்டு வீட்டுல ஒரு வீட்டு பேர இன்னொண்ணுக்கு வச்ச மாதிரி ஆயிட்டு.

அத விடுங்க. நான் எழுத வந்தது வேற. உங்க பக்கத்துல சம்பளம் இருந்துச்சு, ரத்தம் குடிக்கிற பிரபு கோட்டை இருந்துச்சு, ரோட்டுல பிச்சை கேக்குற கரடி இருந்துச்சு. மனுசங்கள பத்தி ரெண்டு வரி கூட இல்ல. அன்னைக்கு சாயங்காலமே எங்க தெருவுல மூணு பயலுவ அந்த பேப்பர கையில வச்சிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துட்டானுவ, அண்ணாச்சி நீங்க இருந்த ஊருதானே, எவ்வளவு கெடைக்கும், குளிரு தாங்குமா, கோட்டைய பாத்தியளா, ஒருத்தன் நைசா பொண்ணுவள பத்தியும் கேட்டான், அவனுக்கு அங்கயே நல்லா கெடைச்சிது. அந்த ஜனங்க எப்பிடி, நம்மள எப்பிடி பாப்பாங்க, நாம எப்பிடி நடந்துக்கணும்னு ஒருத்தன் வாயத் தொறக்கல. மூணு வருசம் அந்த ஜனத்துக்கு நடுவுலதானல இருக்கப்போற?

எங்க கதைய சொல்லுதேன். நாங்க ஆறு பேர் ஒரு பழைய அடுக்குமாடியில மூணாவது மாடியில இருந்தோம். கம்யூனிஸ்ட் காலத்துல கட்டுனது, பிளோக்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒரே அச்சு. அந்த வீட்டுக்கு குடி போன மொத வாரம், சாம்பாருக்கு தாளிக்கோம், கடுகும் வத்தலும் போட்டதும் வீடு பூரா புகை, எல்லாவனும் இருமுதான், சரின்னு முன்பக்க சன்னல், பின்பக்க சன்னல், வாசக்கதவு எல்லாத்தையும் தொறந்து விட்டோம். எதுத்த வீட்டு கிழவி, எழுவது வயசு இருக்கும், தலையில துணி கட்டிட்டு ஓடி வந்து "கூரெந்த்! கூரெந்த்!"னு ஒரே கத்து. எங்களுக்கு என்ன தோணும்? கரண்டு அடிக்குதுன்னு நெனச்சு, ராமநாதபுரத்துக்கார பையன் ஒருத்தன் ஓடிப்போயி மெயின் சுவிட்ச எறக்கிட்டான். இருட்டுல கிழவி இன்னும் கத்துது. பொறவுதான் தெரிஞ்சிது, அந்த பாசையில கூரெந்த்னா மின்சாரமும்தான், எதிரெதிர் சன்னல் தொறந்தா ஊடால வீசுற காத்தும்தான். அந்த காத்து பட்டா கழுத்து பிடிக்கும், காது வலிக்கும், பல்லு வலிக்கும், ஆளே போயிருவான்னு அவங்களுக்கு அப்பிடி ஒரு பயம். ஜூலை மாசம் 35 டிகிரி வெயில்ல பஸ்ல போனாலும் ரெண்டு பக்கமும் சன்னல தொறக்க விடமாட்டாவ. எங்க பணகுடி காத்துல வளந்தவனுக்கு இது கோட்டித்தனமா தெரியும், ஆனா நாம தலைக்கு எண்ணெ தேச்சிட்டு காத்துல உக்காராதன்னு சொல்லுதோமே, அது மட்டும் என்னவாம்.

அந்த அம்மாவ தாந்தின்னு கூப்புடுவோம். அங்க வயசான பொம்பளையள தாந்தி, ஆம்பளையள நேனேன்னுதான் கூப்புடுறது, நம்ம அத்தை, அண்ணாச்சி மாதிரி, சொந்தம் இருக்கணும்னு இல்ல. தாந்திக்கு ஒரே மக, இத்தாலியில யாரோ ஒரு பணக்கார கிழவிக்கு கஞ்சி ஊட்டி, குளிப்பாட்டி, அந்த துட்ட இங்க அனுப்புதா. இங்க இவங்கள பாக்க ஆளு இல்ல. 1989 டிசம்பர்ல அவங்க கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவ சுட்டு ஆட்சி மாறுன பொறவும், 2007-ல ஐரோப்பிய யூனியன்ல சேந்த பொறவும், இத்தாலி ஸ்பெயின் ஜெர்மனின்னு லட்சக்கணக்குல கெளம்பிட்டாங்க. 1992 கணக்கெடுப்புல 2.28 கோடி ஜனம், 2021-ல 1.90 கோடி. நாட்டோட அளவு தமிழ்நாட்ட போல ஒண்ணே முக்கா மடங்குக்கு மேல, ஜனம் நம்மள்ல கால்வாசி தேறும். அப்பிடி காலியான எடத்துக்குத்தான் நேபாளத்துக்காரன், இலங்கைக்காரன், வங்காளதேசத்துக்காரன், நாம எல்லாரும் போறோம், 2022-ல இருந்து 2025 வரைக்கும் வருசத்துக்கு 1 லட்சம் வெளிநாட்டு ஆளுகள புதுசா எடுக்கலாம்னு அவங்க கவர்மெண்டே கோட்டா போட்டுச்சு. ஒரு நாள் தாந்தி கேட்டாவ, ஒங்க அம்மாவ அங்க யாரு பாக்காவன்னு. எனக்கு பதில் வரல. எங்க தெருவுலயே மாடி மாடியா கட்டி பூட்டிப் போட்டு, கீழ ஒரு ரூம்ல கெழவனும் கெழவியும் மட்டும் இருக்குற வீடு அஞ்சாறு இருக்கு.

கண்ணேறு கதைய சொல்லாம விடக்கூடாது. அங்க அதுக்கு பேரு தியோக்கி. பச்சப்புள்ளைக்கு கையில செவப்பு கயிறு கட்டுவாங்க, புள்ளைய பாத்து அழகா இருக்குன்னு சொன்னா ஒடனே தூ தூன்னு துப்புற மாதிரி செய்யணும், இல்லன்னா பெத்தவளுக்கு மனசு ஆறாது. எனக்கு ஒருநாள் தலைவலி, மாத்திரை போட்டும் கேக்கல. தாந்தி ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சு, தீக்குச்சிய ஒண்ணொண்ணா கொளுத்தி அதுல போட்டாவ, சுர்ருன்னு சத்தம், மொணமொணன்னு ஏதோ மந்திரம், நடுவுல நடுவுல பெருசா கொட்டாவி. குச்சி அடியில போச்சு. பாத்தியா, எவனோ கண்ணு வச்சிருக்கான்னு அந்த தண்ணியில மூணு தடவ நெத்தியில தொட்டு வச்சாவ. எங்க ஆச்சி உப்பு மொளகா சுத்தி அடுப்புல போடறப்பவும் இதே கொட்டாவிதான் அய்யா, அதே மாதிரி கண்ணுல தண்ணி வார கொட்டாவி. தலைவலி போச்சான்னு கேக்காதிய, தூங்கிட்டேன்.

பாசைய பத்தி ஒரு விசயம். சுத்தி உக்ரைன், பல்கேரியா, செர்பியான்னு ஸ்லாவ் பாசைக்காரங்க, ஒரு பக்கம் ஹங்கேரிக்காரங்க, நடுவுல இவங்களும் பக்கத்து மால்டோவாக்காரங்களும்தான் லத்தீன் வழியில வந்த பாசை பேசுதாங்க. கி.பி. 106-ல ரோமாபுரி ராஜா டிராஜன் அந்த சீமைய பிடிச்சதுல இருந்து வந்தது, நாட்டோட பேர்லயே ரோம் இருக்கு. நான் கவனிச்சது என்னன்னா, ஒருத்தர கூப்புட அங்க மூணு படி. சின்னவங்க, கூட்டாளின்னா "தூ". பெரியவங்க, ஆபீசர்னா "தும்னியாவோஸ்த்ரா". ரெண்டுக்கும் நடுவுல, வயசானவங்க பழகுன ஆளப் பாத்து சொல்லுறதுக்கு "தும்னியாத்தா"ன்னு ஒண்ணு. மெட்ராஸ்காரனுக்கு இத வெளக்க முடியாது, நீ நீங்க ரெண்டுதான் அவன்ட்ட உண்டு. திருநெல்வேலிக்காரனுக்கு வெளக்கவே வேண்டாம், நீ, நீரு, நீங்க. நம்ம "நீரு"தான் அவங்க தும்னியாத்தா. எங்க போர்மேன்ட்ட நான் மொத தடவ தும்னியாவோஸ்த்ரான்னு சொன்ன அன்னைக்கு அந்தாளு வெல்டிங் கண்ணாடிய தூக்கிட்டு என் மொகத்த ஒருக்கா நல்லா பாத்தாரு, அதுக்கு முன்னாடி ஆறு மாசம் நான் அவருக்கு நம்பர் மட்டும்தான். இங்கிலீஷ வச்சு பெரிய ஊர்ல ஓட்டிரலாம், சின்னப் பயலுவ நல்லாவே பேசுதானுவ, ஆனா அம்பது வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட ஓடாது. பகல்ல புனா ஸீவா, நன்றிக்கு முல்ட்சுமெஸ்க், வயசான பொம்பளையள பாத்தா "சருத் மூனா", அதாவது கைய முத்துறேன்னு அர்த்தம், முத்த வேண்டாம், சொன்னா போதும்.

இந்த சருத் மூனாவால ஒரு காரியம் நடந்துச்சு. 2022 பிப்ரவரி 24 உக்ரைன்ல சண்டை ஆரம்பிச்ச நாலஞ்சு நாள்ல, நாங்குநேரி பக்கத்துல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு நடுராத்திரியில போன் போட்டு அழுதாரு, அவர் மக செர்னிவ்ட்சியில டாக்டருக்கு படிச்சிட்டிருந்தா, பார்டருக்கு நடந்துக்கிட்டிருக்கா, நீ அந்த நாட்டுலதான இருக்க, போயி கூட்டிட்டு வாடேன்னாரு. நான் இருந்தது கடல் ஓரம், அவ வந்தது வடக்கு மூலையில சீரெத்ங்கற பார்டர், 500 கிலோமீட்டருக்கு மேல. போக முடியல. போன்ல அவகிட்ட இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சொல்லிக் குடுத்தேன். ஒரு ராத்திரி பூரா பனியில லைன்ல நின்னு இந்தப்பக்கம் காலெடுத்து வச்சதும், சூப்பு ஊத்திக்கிட்டு நின்ன ஒரு ஆத்தாவ பாத்து சருத் மூனான்னு சொல்லியிருக்கா, அந்த அம்மா கரண்டிய போட்டுட்டு கட்டிப்பிடிச்சு அழுது, தன் கால்ல கெடந்த கம்பளி சாக்ஸ கழட்டி இவளுக்கு மாட்டி விட்டுருக்கு. மொத மீட்பு பிளைட் புக்கரெஸ்ட்ல இருந்துதான், பிப்ரவரி 26-ல 219 பேரோட பம்பாய் வந்து எறங்குச்சு, இவ அதுக்கு பின்னால ஒண்ணுல வந்தா. அந்த சாக்ஸ் இன்னும் நாங்குநேரியில பீரோவுல இருக்கு. நம்ம வெயிலுக்கு அத என்ன செய்ய.

சாப்பாடு. மமலிகான்னு மக்காச்சோள மாவுல களி, கெட்டியா கிண்டி பலகையில கவுத்தி, நூல வச்சு அறுப்பாவ, கத்தி வைக்க மாட்டாவ. நம்ம கேப்பக்களி தின்னவனுக்கு ஒண்ணும் புதுசில்ல. ச்சோர்பான்னு புளிச்ச சூப்பு, புளிப்பு எங்க இருந்து வருதுன்னு பாத்தா கோதுமை தவிட்ட தண்ணியில போட்டு நாள்கணக்கா புளிக்க வச்ச தண்ணி, நம்ம நீத்தண்ணிக்கு அண்ணன் தம்பி. செப்டம்பர் மாசம் பிளோக் முழுக்க பால்கனிக்கு பால்கனி செவப்பு கொடமொளகாய சுடுவாங்க, கத்திரிக்காயும் சேத்து வதக்கி பாட்டில் பாட்டிலா அடைச்சு குளிர்காலத்துக்கு வைப்பாங்க, ஸகுஸ்கான்னு பேரு, அந்த வாசனையில எங்களுக்கு வேலைக்கு போகவே மனசு வராது. சைவம் சாப்பிடுறவங்க பயப்படுதாங்க, அவங்களுக்கு ஒரு வழி சொல்லுதேன்: கடையில "தே போஸ்த்"னு கேளுங்க. விரதச் சாப்பாடுன்னு அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் முன்னால வாரக்கணக்குல கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டாவ, புதன் வெள்ளியும் பாக்குற ஆளுக உண்டு, அந்த சமயம் கடைக்கு கடை தனியா கெடைக்கும். ஆனா ஒரு வீட்டுக்கு சாப்பிட போனா வயித்த காலியா வச்சிட்டு போங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வைப்பாங்க, போதும்னு சொன்னா நம்பமாட்டாங்க. பிளம்ஸ் பழத்துல காச்சுன த்சுய்கான்னு ஒரு சாராயம் மொதல்லயே வந்துரும், அதுல கவனமா இருக்கணும், நான் ஒரு தடவ கவனமா இல்ல.

போறப்ப பூ வாங்கிட்டு போகணும். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு தாந்திக்கு குடுக்கலாம்னு ரோட்டோரம் பூ விக்கிற பொம்பளைட்ட நாலு துலிப் கேட்டேன். அவ என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, தலையில அடிச்சிக்கிட்டு இன்னொண்ண சேத்து அஞ்சாக்குனா, துட்டும் வாங்கல. ரெட்டப்படை செத்தவங்களுக்காம். மொய்க்கு நூத்தியொண்ணு எழுதுற நமக்கு இத யாராவது சொல்லணுமா, ஆனா சொல்லுற வரைக்கும் தோணல. அதுக்குள்ள அவ பக்கத்துல இருந்த புள்ளைட்ட ஏதோ சொன்னா, அதுல "பானி"ன்னு காதுல விழுந்துச்சு, புள்ள தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்துச்சு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கு முன்னால துபாய்ல நாலு வருசம் இருந்ததுல எனக்கு இந்தி தெரியும். அவங்க ரோமா ஜனம். ரொமேனியாக்காரங்க வேற, ரோமா வேற, வெளியில இருந்து போறவங்க இதையும் கொழப்பிக்கிடுதாங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்ன வடஇந்தியாவுல இருந்து போன ஜனம், கண்ணுக்கு யாக், மூக்குக்கு நாக். அந்த சீமையில அவங்கள 1850-கள் வரைக்கும் அடிமையா வச்சிருந்தாங்க, 1855, 56-லதான் கடைசியா விடுதலை. இன்னைக்கும் அவங்கள எளக்காரமா பாக்குற பார்வை இருக்கு, நம்ம நெறத்த பாத்து நம்மளையும் அவங்கன்னு நெனச்சு சூப்பர் மார்க்கெட்ல செக்யூரிட்டி பின்னாலயே வருவான். எனக்கு நடந்திருக்கு. நான் இந்தியாக்காரன்னு சொன்னதும் அவன் சிரிச்சு கை குடுத்தான், எனக்கு அந்த கைய குடுக்க என்னமோ போல இருந்துச்சு, அப்ப அந்த பூக்காரின்னா பின்னாலயே வரலாமா?

எல்லாம் தேனும் பாலும்னு நெனச்சிராதிய. 2020 ஜனவரியில டித்ரவுங்கற மலையூர்ல ஒரு பேக்கரியில வேலைக்கு வந்த ரெண்டு இலங்கைக்காரங்கள எதிர்த்து ஊர்க்கூட்டம் போட்டு கையெழுத்து வாங்குனாங்க. அது ஹங்கேரி பாசை பேசுற ஊரு, ஆனா அந்த பயம் ஒரு பாசைக்காரனுக்கு மட்டும் உள்ளதில்ல. பெரிய ஊருகள்ல நம்ம ஆளுக சைக்கிள்லயும் ஸ்கூட்டர்லயும் சாப்பாடு கொண்டு போறத ஜனம் பாத்து பழகிட்டு, உள்நாட்டு கிராமத்துல மொறச்சுத்தான் பாப்பாங்க. மொறைப்பு ரெண்டு வாரம். பொறவு வீட்டு வாசல்ல பெஞ்சு போட்டு உக்காந்திருக்கற கெழவனுவ, ஆமா, நம்ம திண்ணை மாதிரி அங்க ஒவ்வொரு வீட்டு கேட்டு பக்கத்துலயும் ஒரு பெஞ்சு, அவனுவளே கூப்புட்டு உக்கார வச்சு எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, எவ்வளவு சம்பளம்னு கேக்க ஆரம்பிச்சிருவானுவ. அப்ப பேச என்ன இருக்குன்னு முழிக்காதிய, நதியான்னு சொல்லுங்க. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல 14 வயசு நதியா கொமனேச் ஜிம்னாஸ்டிக்ஸ்ல பத்துக்கு பத்து வாங்கி, அந்த போர்டுல பத்து காட்ட எடமில்லாம 1.00-ன்னு காட்டுச்சு. இத அவங்க ஒங்களுக்கு முழுசா திரும்ப சொல்லுவாங்க, தெரியாத மாதிரி கேளுங்க. சௌஷெஸ்கு காலத்த மட்டும் தோண்டாதிய. 1980-கள்ல ரொட்டிக்கு லைன், குளிர்ல ஹீட்டர் இல்ல, டிவி நாளைக்கு ரெண்டு மணி நேரம். தாந்தி அத ஒரே ஒரு ராத்திரி சொன்னாவ, அதுவும் அவங்களா. பக்கத்துல போற ஆளு யாருன்னு பாத்து பாத்து கொரல தாழ்த்திதான், இத்தன வருசம் கழிச்சும்.

வீட்டு நெனப்பு வந்தா நான் ரயில் ஏறிருவேன். கான்ஸ்டான்ட்சாவுல இருந்து புக்கரெஸ்ட் 225 கிலோமீட்டர், வழியில செர்நவோதாவுல அணு உலை, டான்யூப் ஆத்துல இருந்து தண்ணி எடுக்காங்க. கடலோரமா வடக்க போனா பந்தனேலே, கொஜலாக்ல 240 காத்தாடி, 600 மெகாவாட். ஒரு பக்கம் கூடங்குளம், ஒரு பக்கம் ஆரல்வாய்மொழி கணவாய் காத்தாடின்னு வளந்த பணகுடிக்காரனுக்கு இதவிட என்ன வேணும். கிராமத்துல கரண்டு கம்பத்து உச்சியில நாரைக்கூடு, ஒரு பயலும் கலைக்க மாட்டான், கூந்தங்குளத்துல வீட்டு மரத்துல கூடு கட்டுற பறவைக்காக வெடி போடாம இருக்காங்களே, அதே மாதிரி. உங்க பக்கத்துல வந்த கரடிய பத்தியும் ஒண்ணு: சாப்பாடு போட்டுத்தான் அது ரோட்டுக்கு வந்து பழகுச்சு. போறவங்க கார் கண்ணாடிய எறக்காம போனா போதும், நம்ம பாபநாசம் பக்கத்து ஜனத்துக்கு கரடி ஊருக்குள்ள வந்தா என்னன்னு தெரியும்.

துட்டு விசயத்த சுருக்கமா சொல்லிருதேன், ஏன்னா பயலுவ அதுக்குத்தான் வந்தானுவ. உங்க பக்கத்துல போட்ட சம்பளம் பிடித்தத்துக்கு முன்னால உள்ளது. 2025-ல கொறஞ்சபட்ச சம்பளம் மாசம் 4,050 லெய், அதுல பென்ஷனுக்கு 25 சதவீதம், ஆஸ்பத்திரி காப்பீட்டுக்கு 10, மிச்சத்துல வரி 10 போயி கைக்கு 2,600-க்குள்ளதான் வரும், நம்ம காசுக்கு அம்பதாயிரம் சொச்சம். ரொமேனியாவுல யூரோ கெடையாது, லெய்தான், நோட்டு பிளாஸ்டிக், சட்டையோட தொவச்சாலும் கிழியாது. தங்க எடமும் சாப்பாடும் கம்பெனி குடுக்கான்னு பேப்பர்ல இருக்கணும், வாயில இல்ல. வேலைக்கான பெர்மிட்ட அங்க உள்ள முதலாளிதான் எடுக்கணும், அது வந்த பொறவுதான் விசாவே. நான் ஒரு ஏஜென்டுக்கு நாலு லட்சம் குடுத்து போனேன், அங்க போனா மொத நாலு மாசம் கன்டெய்னர் பெட்டிக்குள்ள எட்டு பேர். நம்ம கவர்மெண்ட் விதிப்படி பதிவு பண்ணுன ஏஜென்ட் 30,000 ரூவாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்னு எனக்கு திரும்பி வந்த பொறவுதான் தெரியும். ஏஜென்ட் பதிவு பண்ணுனவனான்னு இமைக்ரேட் இணையதளத்துல பாத்துரலாம். இத அடுத்த தடவ கட்டம் கட்டி போடுங்க அய்யா, கோட்டை படத்த கொஞ்சம் சின்னதாக்குனா எடம் கெடைச்சிரும்.

கான்ஸ்டான்ட்சாவுல ஒரு சிலை இருக்கு. ஓவிட்னு ரோமாபுரி கவிஞர், ராஜா கோவத்துக்கு ஆளாகி கி.பி. 8-ல அங்க நாடு கடத்திட்டாங்க, சாகுற வரைக்கும் ஊருக்கு போக முடியல, குளிரையும் காத்தையும் திட்டி திட்டி பாட்டா எழுதி ஊருக்கு அனுப்பியிருக்காரு. ஞாயித்துக்கிழமை அந்த சிலைக்கு அடியில நாங்க, நேபாளத்துக்காரங்க எல்லாம் உக்காந்து வீட்டுக்கு போன் பேசுவோம். மேலப்பாளையத்துக்கார கூட்டாளி ஒருத்தன் பக்கத்துல உள்ள பெரிய பள்ளிவாசலுக்கு போயிட்டு வந்து சேந்துக்கிடுவான், 1913-ல தொறந்த பள்ளிவாசல், அந்த பக்கம் துருக்கி, தாத்தார் ஜனம் தலமொறை தலமொறையா இருக்காங்க. கவிஞர் தாடையில கைய வச்சு யோசிச்ச மேனிக்கு நிப்பாரு. பாவம், அவருக்கு போன் இல்ல.

தாந்தி முந்தாநாள் வீடியோ கால் பண்ணுனாவ. மக இத்தாலியில இருந்து ஈஸ்டருக்கு வாராளாம், கோஸோநாக் ரொட்டி சுட மாவு வாங்கியாச்சாம். எங்க அம்மாவ காட்ட சொன்னாவ, காட்டுனேன், அம்மா ஏதோ தமிழ்ல பேச அவங்க ஏதோ ரொமேனிய பாசையில பேச ரெண்டு பேரும் கால் மணி நேரம் ஓட்டிட்டாவ. கடைசியில தாந்தி எனக்கு பின்னால எதையோ பாத்துட்டு கண்ண உருட்டி கத்த ஆரம்பிச்சாவ. திரும்பிப் பாத்தேன். ரெண்டு சன்னலும் தொறந்து கெடக்கு, மேல ஃபேன் வேற ஓடுது. அம்மா பதறிப்போயி எந்திரிச்சு, "ஏல, கரண்டுங்காவ, மொதல்ல மெயின ஆஃப் பண்ணு"ன்னாவ.

இப்படிக்கு,
பணகுடி வாசகன், வெல்டர்